கேத்தல் மூக்கில் ஒரு விரற்கடை

கேத்தல் கொதிக்கும்போது அதன் மூக்கை உற்றுப் பாருங்கள். வெண்புகை மூக்கின் நுனியிலேயே தொடங்குவதில்லை. நுனிக்கும் வெண்மைக்கும் நடுவே ஒரு விரற்கடை இடம் வெறுமையாக இருக்கும். பின்னாலுள்ள சுவர் அதன் ஊடே தெளிவாகத் தெரியும். நீராவி இருப்பது அந்த வெறுமையில்தான். அதற்கு மேலே சுருண்டு எழும் வெள்ளை, குளிர்பட்டு மறுபடி தண்ணீராகிவிட்ட நுண்துளிகளின் கூட்டம்.

பொருளின் மூன்று நிலைகளைச் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் பாடத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இந்த ஒரு விரற்கடை. திண்மம், திரவம், வாயு என்று கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டு, கல், தண்ணீர், காற்று என்று உதாரணம் எழுதிவிட்டால் பாடம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பிள்ளையும் பரீட்சையில் சரியாக எழுதிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒன்று அங்கே இருக்கிறது என்பதைக் கண்ணைக் கொண்டே கண்டுபிடிக்க வைப்பது வேறு வித்தை. இலங்கை மலைநாட்டின் கொத்மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் அந்த வித்தைக்கு வேண்டிய சாமான் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: கேத்தல், சாயத்தண்ணி, தேங்காயெண்ணெய்ப் போத்தல், ஒரு பிடி கொழுந்து, கேட்காமலே வந்து நிற்கும் மூடுபனி.

இலங்கையில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் என்று தனிப் பாடம் கிடையாது. அது தரம் 6 இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்திய வகுப்புகளில் இருப்பது ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’. இந்த ஏற்பாடு எனக்கு உவப்பானது. பத்து வயதுக்குள் பிள்ளை சுற்றாடலைத் தொட்டு, நிறுத்து, நனைத்து, காயவைத்துப் பார்த்துவிட்டால், வரைவிலக்கணங்கள் பின்னால் வரும்போது அவை போய் உட்கார ஓர் இடம் இருக்கும்.

கேத்தலுக்கே திரும்புவோம். பிள்ளைகளை நாலு எட்டுத் தள்ளி அரைவட்டமாக நிறுத்திவிட்டு, கேத்தலை வைக்கும் இடத்தைக் கவனமாகத் தெரிவுசெய்ய வேண்டும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் வைத்தால் பாடம் பாழ். பின்னால் கரும்பலகை வருமாறு வைத்தால் வெண்மை எங்கே தொடங்குகிறது என்பது கோடு கிழித்தாற்போலத் தெரியும். இந்தச் சின்ன ஏற்பாட்டைச் செய்யும் டீச்சரைக் கண்டால் எனக்குக் கும்பிடத் தோன்றும். “ஆவி எங்க இருக்கு?” என்று அவர் கேட்கிறார். எல்லா விரலும் வெள்ளையைக் காட்டுகின்றன. “சரி, மூக்குல இருந்து அங்க எப்படிப் போச்சு?” இப்போது விரல்கள் தயங்கித் தயங்கிக் கீழே இறங்குகின்றன. “நடுவுல ஒண்ணுமே இல்லையே டீச்சர்” என்று ஏதாவதொரு பிள்ளை சொல்லும். அந்த வார்த்தை வந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

மறுபாதிக்கு ஒரு நீளப்பிடிக் கரண்டியும் ஒரு மெழுகுதிரியும் போதும். டீச்சர் கரண்டியை அந்த வெறுமையில் ஒரு கணம் நீட்டி எடுக்கிறார். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து வந்த கரண்டி நனைந்து சொட்டுகிறது. பிறகு மெழுகுதிரியைக் கொளுத்தி வெண்புகைக்கு அடியில் பிடிக்கிறார். சுடருக்கு நேர் மேலே மட்டும் வெண்மை மறைந்துபோகிறது. திரியை எடுத்தால் வெண்மை திரும்பி வந்துவிடுகிறது. துளி மறுபடி ஆவியாகி, ஆவி மறுபடி துளியாவதை இதைவிடச் சுருக்கமாக யாராலும் காட்ட முடியாது.

இந்த வெறுமையை முதலில் கண்டு சொன்னவர் யாரோ, ஆனால் அதைப் பிள்ளைகளுக்கு அழகாகக் காட்டிய ஒருவரைத் தெரியும். அயர்லாந்தில் பிறந்த பௌதிகவியலாளர் ஜோன் டிண்டல் 1872 இல் வெளியிட்ட ‘த ஃபோம்ஸ் ஒஃப் வாட்டர்’ என்ற நூலில், ரயில் எஞ்சினின் புகைபோக்கிக்கும் அதற்கு மேலே எழும் வெண்முகிலுக்கும் நடுவிலுள்ள தெளிந்த இடத்தைப் பார்க்கச் சொல்கிறார். 1885 இல் மலைநாட்டு ரயில் பாதை நானுஓயா வரை வந்துவிட்டது. தலவாக்கலைக்கும் வட்டகொடைக்கும் இடையில் நீராவி எஞ்சின் மூச்சுவாங்கி ஏறியதைப் பார்த்துக்கொண்டு நின்ற பழைய தலைமுறைப் பிள்ளைகளின் கண்ணெதிரேயும் அந்த இடம் இருந்தது. பாருங்கள் என்று சொல்ல ஓர் ஆள்தான் வேண்டியிருந்தது.

கரண்டிக்கு நீளப்பிடி எதற்கு என்பதையும் சொல்லியாக வேண்டும். வெறுமையாகத் தெரியும் அந்த இடம்தான் வெள்ளையைவிட மோசமாகச் சுடும். ஒரு கிலோ தண்ணீரை 0 பாகையிலிருந்து 100 பாகை செல்சியஸ் வரை சூடாக்க ஏறத்தாழ 420 கிலோயூல் வெப்பம் போதும். அதே தண்ணீர் முழுவதும் ஆவியாக இன்னும் 2,260 கிலோயூல் வேண்டும். ஆவி தோலில் பட்டுத் தண்ணீராகும்போது வாங்கிய அத்தனையையும் அங்கே இறக்கிவிடுகிறது. எண்கள் டீச்சருக்கு, எட்ட நிற்பது பிள்ளைக்கு.

நியூசிலாந்தில் ஒஸ்போர்ன், கொஸ்குரோவ் என்ற இரு ஆய்வாளர்கள், கொதிக்கும் தண்ணீரில் எழும் குமிழிக்குள் என்ன இருக்கிறது என்று பாடசாலைப் பிள்ளைகளிடம் கேட்டு 1983 இல் எழுதினார்கள். காற்று என்றார்கள் சிலர். வெப்பம் என்றார்கள் சிலர். ஒட்சிசனும் ஐதரசனும் என்று சொன்னவர்களும் உண்டு. ஒட்சிசன் என்ற விடையைக் கவனியுங்கள். அது படித்ததனால் வந்த பிழை. தண்ணீர் எவற்றால் ஆனது என்பதைக் கற்ற பிள்ளை, தண்ணீர் தண்ணீராகவே இருந்துகொண்டு ஆவியாக முடியும் என்பதைக் காணாமல் விட்டுவிட்டது. நனைந்த கரண்டியை ஒரு தரம் தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு அந்த விடை அவ்வளவு எளிதாக வராது என்றே நம்புகிறேன்.

இனி மூடுபனி. இந்த மலைகளில் அது பாடத்துக்குத் தானாகவே வருகிறது. தேயிலை மலையின் மேல் மடிப்பில் தொடங்கி, லயத்துக் கூரைகளை ஒவ்வொன்றாக விழுங்கி, பாடசாலை முற்றம் வரை இறங்கிவிடும். வகுப்பறை அளவுக்கு, 6 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரத்துக்கு, முற்றத்துக் காற்றை வெட்டி எடுத்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு கன மீற்றர் மூடுபனியில் துளியாக மிதக்கும் தண்ணீர் அரைக் கிராமைத் தாண்டுவது அபூர்வம். ஆக, அந்தப் பாளத்தில் தெரியும் வெண்மை முழுவதையும் பிழிந்தெடுத்தாலும் மூன்று நாலு மேசைக்கரண்டிக்கு மேல் தேறாது. அதே பாளத்தில், 18 பாகைக் குளிரில், கண்ணுக்குத் தெரியாத நீராவியாக நிற்கும் தண்ணீர் ஒன்றரை லீற்றருக்கு மேல். ஒரு போத்தலில் ஒன்றரை லீற்றர் தண்ணீரும் பக்கத்தில் ஒரு சின்னக் கோப்பையில் நாலு கரண்டித் தண்ணீரும் ஊற்றி மேசையில் வைத்து, “இதுல எது நமக்குத் தெரியுற பனி?” என்று கேளுங்கள். பெரிய போத்தலைக் காட்டாத பிள்ளை அபூர்வம். விடையைச் சொன்னதும் கண்கள் விரிவதைப் பார்க்க வேண்டும். மலை கண் முன்னால் விரித்துக் காட்டுவது நாலு கரண்டி. மறைத்து வைத்திருப்பது அந்தப் போத்தல் முழுவதும்.

ஜேம் போத்தலுக்குள்ளும் மூடுபனி செய்யலாம். அடியில் கொஞ்சம் வெந்நீர், வாயில் ஒரு தட்டு, தட்டின் மேல் ஐஸ். முதல் தடவை மங்கலாக ஏதோ தெரியும். இரண்டாம் தடவை, தட்டை மூடும் முன் ஊதுபத்திப் புகையை ஒரு துளி உள்ளே விட வேண்டும். இப்போது முகில் திரண்டு சுழலும். ஆவி துளியாகத் திரள, பற்றிக்கொள்ள ஒரு தூசு கிடைத்தால் வேலை இலகு. முதல் தடவையையும் செய்து காட்டும் பொறுமைதான் இதில் நயம். புகையோடு மட்டும் செய்தால், தெரிந்தது புகையேதான் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும், நினைப்பது நியாயமும்கூட. இந்தப் போத்தல் விளையாட்டுக்குப் பெரிய இடத்துச் சொந்தம் உண்டு. ஸ்கொட்லாந்தின் பென் நெவிஸ் உச்சி 1,345 மீற்றர், நமது ஹட்டனைவிடச் சற்றே உயரம். 1894 செப்டெம்பரில் அங்கிருந்த வானிலை நிலையத்தில் தங்கியிருந்த சி. டி. ஆர். வில்சன், முகிலில் சூரியன் விழுத்திய ஒளிவளையங்களில் மனம் பறிகொடுத்து, அந்த முகிலைக் கண்ணாடிக்குள் செய்து பார்க்கப் புறப்பட்டார். அதிலிருந்து முகிலறை பிறந்தது. அணுத் துகள்களின் தடங்களைக் காட்டிய அந்தக் கருவிக்கு 1927 இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஐஸ் போட்ட டம்ளர் வெளியே வேர்ப்பது எல்லோரும் செய்து காட்டும் ஒன்று. அதைச் சாயத்தண்ணியோடு செய்வதில்தான் ருசி. முதலில் சில்வர் டம்ளரில் வெறும் தண்ணீரும் ஐஸும். வெளிப்புறம் நனைகிறது. “ஓட்டை டீச்சர்” என்பார்கள். டம்ளரைக் கூர்ந்து பார்த்தால் அவர்கள் பக்கம் சாட்சி பலமாகவே இருக்கிறது: வேர்வை அநேகமாக உள்ளே தண்ணீர் நிற்கும் மட்டத்தோடு நின்றுவிடுகிறது. கசிவு என்றால் அப்படித்தானே இருக்கும்? நல்ல டீச்சர் இதை மறுக்க அவசரப்படுவதில்லை. கசிவு என்றால் கசிந்தது என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுவிட்டு, நல்ல கடுஞ்சாயமாக ஆற்றி வைத்த பிளேன்டீயை ஐஸ் போட்டு டம்ளரில் ஊற்றுகிறார். சிறிது நேரம் கழித்து வெள்ளைத் தாளால் வெளிப்புறத்தை ஒற்றி எடுக்கிறார் ஒரு பிள்ளை. தாள் நனைந்திருக்கிறது, சாயம் மட்டும் இல்லை. நக்கிப் பார்க்க ஆசைப்படும் பிள்ளையையும் தடுக்க வேண்டாம். சீனி போட்ட பிளேன்டீ என்றால் நாக்கும் சாட்சி சொல்லும். ஒற்றும் முன் டம்ளரைத் தராசில் வைத்தால் எடை கூடியிருக்கும். உள்ளேயிருந்து வெளியே போகவில்லை, வெளியேயிருந்து வந்து சேர்ந்திருக்கிறது. தேயிலை விளையும் ஊரில் தேத்தண்ணியே நீதிபதியாக உட்காரும் இந்தச் சோதனையை நான் எத்தனை தடவையும் பார்ப்பேன்.

தேங்காயெண்ணெய்ப் போத்தலைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகையில் உறையும். கொழும்பில் அது வருஷம் பூராவும் திரவம். நுவரெலியாவில் பெரும்பாலும் திண்மம். கொத்மலை இரண்டுக்கும் நடுவில் அமைந்திருப்பதால், குளிர் மாதங்களில் இங்கே ஒரே போத்தல் விடிகாலையில் உறைந்து கிடந்து உச்சி வெயிலுக்கு உருகிவிடுகிறது. பாடசாலைக்குப் புறப்படும் மகளுக்குத் தலை பின்ன உட்காரும் அம்மா, போத்தலை அடுப்போரத்தில் சாய்த்து வைப்பதும் வெந்நீரில் இறக்கி வைப்பதும் லயங்களில் அன்றாடம். ஆகவே உருகல் என்ற சங்கதியை இந்தப் பிள்ளைக்குப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காலையில் பார்த்ததை இன்னொரு தரம் நிதானமாகப் பார்க்க வைத்தால் போதும்.

பார்க்க அவ்வளவு இருக்கிறது. உறைந்த எண்ணெயின் மேற்பரப்பு நடுவில் சற்றுக் குழிந்திருக்கும். தண்ணீரை ஐஸாக்கினால் நடுவில் மேடு தட்டும். எண்ணெய் உறையும்போது சுருங்குகிறது, தண்ணீர் விரிகிறது. பாதி உருகிய போத்தலில் வெள்ளைக் கட்டி கழன்று அடியில் போய் உட்காரும். டம்ளரில் ஐஸ் மேலே மிதக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது வழக்கம், எது விதிவிலக்கு என்று கேட்கத் தோன்றும். பொருள்களில் பெரும்பாலானவை எண்ணெயின் கட்சி. தண்ணீர்தான் தனி வழி போகிறது. பிள்ளைகள் நேர்மாறாக நினைத்திருப்பார்கள், ஏனென்றால் உறைதல் என்றாலே அவர்களுக்கு ஐஸ்தான். இந்தப் போத்தல் தரும் பெரிய கொடை அதைத் திருத்துவது. ஒரே காலை, ஒரே குளிர், ஒரே அலுமாரித் தட்டு. தண்ணீர்ப் போத்தலில் தண்ணீர் ஓடுகிறது, எண்ணெய்ப் போத்தலில் எண்ணெய் நிற்கிறது. “தண்ணிக்கு இது குளிரே இல்ல போல” என்று ஒரு பிள்ளை சொன்னால், உருகுநிலை என்ற எண்ணம் முழுசாக அதன் கையில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்லலாம், அவசரமில்லை.

சிறு போத்தல்களில் எண்ணெயை உறையவைத்துக் கையில் கொடுத்து, யார் முதலில் உருக்குவது என்று போட்டி வைப்பதும் உண்டு. உள்ளங்கைகளைப் பொத்திக்கொண்டு பிள்ளைகள் அசையாமல் நிற்பார்கள். எண்ணெய் ஒரேயடியாக உருகுவதில்லை. அது பல கொழுப்புகளின் கலவை என்பதால் ஓரம் கலங்கி, கண்ணாடியோடு ஒட்டிய இடம் வழுக்கி, நடுக்கட்டி இளகி, படிப்படியாகத்தான் விட்டுக்கொடுக்கும். தன் கைச்சூடு ஒரு பொருளின் நிலையை மாற்றுகிறது என்பதை எட்டு வயதில் தோலால் அறிவது பெரிய விஷயம்.

வாயுவுக்குச் செய்யும் மற்றச் சோதனைகள் எளியவை. ஊசி இல்லாத சிரிஞ்சின் வாயை விரலால் அடைத்து அழுத்தினால் காற்று இடம் கொடுக்கும், தண்ணீர் கொடுக்காது. அடியில் காகிதம் செருகிய டம்ளரைக் கவிழ்த்து வாளித் தண்ணீரில் அமிழ்த்தினால் காகிதம் நனையாது. மாரியம்மன் கோயிலுக்கு வாங்கிய கற்பூரத்தில் ஒரு வில்லையைத் தட்டில் திறந்து வைத்தால், உருகாமலும் நனையாமலும் நாளுக்கு நாள் சிறுத்துப்போகும்.

சண்டை வருவது தேயிலைத் தூளில். டஸ்ட் தூளை ஒரு சுண்டிலிருந்து இன்னொரு சுண்டுக்கு ஊற்றலாம்; பாத்திரத்தின் உருவத்தை எடுத்துக்கொள்கிறது. அப்படியென்றால் திரவமா? தட்டில் கொட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். தூள் குவியும், தண்ணீர் குவியாது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஒவ்வொரு துணுக்கும் தன் வடிவத்தை விடாமல் வைத்திருப்பது தெரியும். பிறகு ரொட்டிக்குப் பிசைந்த மாவை மேசையில் வைத்தால் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். பிரியட்டும். மூன்று கட்டத்துக்குள் அடங்காத பொருள்கள் உண்டு என்று பிள்ளை அறிந்துகொள்வதால் பாடம் கெட்டுவிடாது.

கொழுந்தை நான் கடைசிக்கு வைத்தேன், அது வெறும் சோதனைப் பொருள் இல்லை என்பதால். மழை நாளில் மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது தண்ணிக்கென்று கிலோக்கணக்கில் கழிப்பது தோட்டங்களில் பழைய வழக்கம். அந்தக் கழிவைப் பற்றிய ஆற்றாமையை இரவுச் சாப்பாட்டோடு கேட்டு வளரும் பிள்ளைகள் இவர்கள். வகுப்பில் ஒரு பிடி கொழுந்தை நிறுத்து, தண்ணீரில் முக்கி உதறி மறுபடி நிறுத்து, துணியால் ஒற்றி மூன்றாம் முறை நிறுத்து, எண்களைக் கொப்பியில் எழுத வைப்பது என் கண்ணில் மிக உயர்ந்த பாடம். இலையின் மேலுள்ள தண்ணீருக்கு எவ்வளவு எடை என்பது வாய்ச்சொல்லாக இல்லாமல் கிராமில் வருகிறது. அதைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் சொல்லும்.

இலைக்கு உள்ளே இருக்கும் தண்ணீரின் கதை இன்னும் பெரிது. அதே கொழுந்தில் பாதியைக் காகிதத்தில் பரப்பி, பாதியைப் பந்தாக உருட்டிப் பையில் கட்டி மறுநாள் நிறுத்தால், பரப்பியது கணிசமாக இளைத்திருக்கும், கட்டி வைத்தது அவ்வளவாக இளைத்திராது. இஸ்டோர் என்று தோட்டங்களில் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தை வாட்டும் நீள்தொட்டிகளில் இலையைப் பரப்பி அடியிலிருந்து காற்றை ஊதுவது இதே காரணத்துக்காகத்தான். பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். வாட்டி, அரைத்து, புளிக்கவைத்து, அடுப்புச் சூட்டில் உலர்த்தி முடியும்போது மிஞ்சும் ஈரம் 3 சதவீதம் அளவில். 100 கிலோ கொழுந்து 21 அல்லது 22 கிலோத் தூளாகிறது. மிச்சம் ஏறத்தாழ 78 கிலோவும் இஸ்டோரின் ஜன்னல்கள் வழியே கண்ணுக்குத் தெரியாமல் மலைக்காற்றில் கலந்துவிட்டது. வட்டகொடையிலோ றம்பொடையிலோ இஸ்டோரைக் கடந்து பாடசாலைக்குப் போகும் பிள்ளை அந்த வாசத்தை மூக்கால் அறியும். அதோடு சேர்ந்து வரும் தண்ணீரை அறிய ஒரு தராசு வேண்டியிருக்கிறது.

தராசுக்கு அடுத்தபடியாக ஒவ்வொரு பாடசாலைக்கும் நான் கேட்பது, 110 பாகை வரை காட்டும் ஒரு வெப்பமானி. தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும் என்று புத்தகம் சொல்கிறது. அது கடற்கரைக்குச் சரி. ஏறத்தாழ 300 மீற்றர் உயரத்துக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலை இறங்குகிறது. கொத்மலை நீர்த்தேக்கத்தின் நிறைமட்டம் கடல்மட்டத்திலிருந்து 703 மீற்றர். அதன் கரையிலுள்ள பாடசாலையில் தண்ணீர் 98 ஐ ஒட்டிக் கொதிக்கும். 1,200 மீற்றர் அளவிலுள்ள தலவாக்கலையில் 96. 1,868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவில் 94. ஒரே நாள் காலையில் மூன்று பாடசாலைகளிலும் டீச்சர்மார் கேத்தலை வைத்து, பிள்ளைகள் வாசித்த அளவை தொலைபேசியில் பரிமாறிக்கொள்ளலாம். காலியிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஒரு பாடசாலை சேர்ந்துகொண்டால் கட்டத்தாளில் நாலு புள்ளிகள் கிடைக்கும். அவற்றை இணைத்துக் கோடு கீறி, கோட்டை மேலே நீட்டி, 2,524 மீற்றர் உயரப் பிதுருதலாகல உச்சியில் தண்ணீர் எத்தனை பாகையில் கொதிக்கும் என்று தரம் 5 பிள்ளைகள் சொல்லட்டும். என் கணக்கில் 92 வருகிறது.